ஊர்ச் சீட்டும் கட்சிச் சீட்டும்

(காஞ்சிபுரம் மாவட்டம் தாமலில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

2021 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, வாக்குச்சாவடிக்குள் நுழைந்த ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டுகள் கொடுக்கப்பட்டன. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு மஞ்சள். மின்னணு எந்திரம் கிடையாது. அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்று, நான்கிலும் ரப்பர் முத்திரையைக் குத்தி, மை இன்னொரு பெயரில் ஒட்டிக்கொள்ளாதபடி நீளவாக்கில் மடித்து, பெட்டியில் போட வேண்டும். வயதானவர்களுக்கு இது சிரமமான வேலை. மேசையில் உட்கார்ந்திருக்கும் அலுவலர் ஒவ்வொரு நிறத்துக்கும் இது எதற்கு என்று சொல்லிச் சொல்லிக் கொடுப்பார்.

வெள்ளைச் சீட்டிலும் இளஞ்சிவப்புச் சீட்டிலும் கட்சி கிடையாது. பூட்டு சாவி, ஏணி, ஆட்டோ ரிக்‌ஷா என்று எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத சின்னங்கள் இருக்கும். பச்சையிலும் மஞ்சளிலும் உதயசூரியனும் இரட்டை இலையும் மற்றக் கட்சிச் சின்னங்களும் வரிசையாக நிற்கும். ஒரே சாவடி, ஒரே மனிதர், ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு விதமான தேர்தல்.

தலைவருக்கான சீட்டை விரிக்கும்போது வாக்காளர் ஆளைப் பார்க்கிறார். யார் வீட்டுப் பிள்ளை, கொடுக்கல் வாங்கலில் எப்படி, ராத்திரி மோட்டார் நின்றுபோனால் கூப்பிட்டதும் வருவாரா என்று யோசிக்கிறார். பச்சைச் சீட்டை விரித்ததும் அந்த யோசனையெல்லாம் நின்றுவிடுகிறது. கண் நேராகச் சின்னத்துக்குப் போகிறது. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் பெயர் யாருடையது என்று கேட்டால், பலருக்குச் சாவடியைவிட்டு வெளியே வந்தபிறகும் தெரியாது. ‘கட்டையை நிறுத்தினாலும் ஜெயிக்கும்’ என்று கட்சிக்காரர்கள் மேடைக்குப் பின்னால் பேசிக்கொள்வது இந்தப் பழக்கத்தை நம்பித்தான்.

படித்தவர்கள் கூடும் இடங்களில் இதைப் பற்றிய அங்கலாய்ப்பு ஒன்று உண்டு. ஜனங்கள் ஆளைப் பார்த்துப் போட வேண்டும், கட்சியைப் பார்த்துப் போடுவதால்தான் நாடு கெட்டது என்பார்கள். இந்த வாதம் பாதிதான் சரி. எந்தப் பாதி சரி, எந்தப் பாதி தவறு என்பதைத் தாமல் போன்ற ஓர் ஊரில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

தவறான பாதியை முதலில் பார்க்கலாம். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தில் அரசியல் கட்சி என்ற பேச்சே இல்லை. 1985இல் 52ஆவது திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தபோதுதான், அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டத்தோடுதான், கட்சி சாசனத்துக்குள் நுழைந்தது. அதன்பிறகு கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறிச் சட்டமன்றத்தில் வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எவ்வளவு படித்தவராக இருந்தாலும், வாக்கெடுப்பு என்று வந்தால் கட்சி சொல்கிற பக்கம்தான் கை தூக்க முடியும். யார் முதலமைச்சர் என்பதைத் தீர்மானிப்பதும் அந்தக் கைகளின் எண்ணிக்கைதான்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளருக்கு இது நன்றாகத் தெரியும். கைத்தறிக்குக் கட்டணமில்லா மின்சாரம் உண்டா, ரேஷனில் அரிசி எப்படி, பள்ளியில் பிள்ளைக்குக் காலை உணவு உண்டா என்பவை கோட்டையில் முடிவாகிறவை. தொகுதி வேட்பாளரின் தனிப்பட்ட குணம் இவற்றில் ஒன்றையும் மாற்றாது. ஆகவே சட்டமன்றத் தேர்தலில் சின்னத்தைத் தேடுகிறவரை ஏமாளி என்று சொல்வது அநியாயம். சட்டம் எப்படி அமைந்திருக்கிறதோ அதைப் புரிந்துகொண்டுதான் அவர் வாக்களிக்கிறார்.

சின்னம் இந்த நாட்டுத் தேர்தலோடு கூடவே பிறந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1951–52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. பெட்டியின்மேல் சின்னம் ஒட்டியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டார்கள். ஆனால் அந்தத் தேர்தலில் ஆளுக்கும் இடம் இருந்தது. 375 பேர் கொண்ட அன்றைய சென்னை மாகாணப் பேரவைக்கு 62 சுயேச்சைகள் வென்று வந்தார்கள். 2011, 2016, 2021 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களில் தமிழகச் சட்டமன்றத்துக்கு ஒரு சுயேச்சைகூட வரவில்லை. வேட்பாளரின் புகைப்படத்தை வாக்குப்பதிவு எந்திரத்தில் ஒட்டும் வழக்கமே 2015இல்தான் தொடங்கியது. அதுவும் ஒரே பெயரில் நாலு பேரை நிறுத்திக் குழப்பும் தந்திரத்தைத் தடுப்பதற்காக.

ஆளா கட்சியா என்ற கேள்விக்குக் காஞ்சிபுரத்தைவிட நல்ல பாடசாலை தமிழ்நாட்டில் இல்லை.

1957இல் தி.மு.க. முதன்முறையாகத் தேர்தலில் இறங்கியது. கட்சிக்கு அங்கீகாரம் இல்லை. அண்ணா காஞ்சிபுரத்தில் நின்று வென்றார். அவரோடு சேர்த்து 15 பேர் சட்டமன்றத்துக்குள் போனார்கள். அண்ணா நெசவாளர் குடும்பத்தில், இதே காஞ்சிபுரத்தில் பிறந்தவர். 1953இல் கைத்தறி தேங்கிக் கிடந்தபோது துணியைத் தோளில் போட்டுத் தெருவில் விற்றவர். பேச்சிலும் எழுத்திலும் அவருக்கு ஈடு சொல்ல அன்று எந்தக் கட்சியிலும் ஆளில்லை. ஐந்து ஆண்டு கழித்து, 1962இல், அதே காஞ்சிபுரம் அவரைத் தோற்கடித்தது. காங்கிரஸ் நிறுத்திய நடேச முதலியார், பஸ் முதலாளி, 9,000 வாக்குகளுக்கு மேல் அதிகம் பெற்று வென்றார். வேடிக்கை என்னவென்றால், அதே தேர்தலில் தி.மு.க.வின் எண்ணிக்கை 15இலிருந்து 50ஆக உயர்ந்தது. கட்சி மாநிலமெங்கும் வளர்கிறது, கட்சியின் தலைவர் சொந்த ஊரில் விழுகிறார். முதலில் வென்ற பதினைந்து பேரைக் குறிவைத்துக் காங்கிரஸ் வேலை செய்தது. அவர்களில் மறுபடி வென்றவர் தஞ்சாவூருக்கு மாறிப்போன மு. கருணாநிதி ஒருவர்தான்.

அன்று காஞ்சிபுரம் கட்சியைப் பார்த்ததா, ஆளைப் பார்த்ததா? உள்ளூர்ச் செல்வாக்கும் பண வசதியும் உள்ளவர் என்று பார்த்து நடேச முதலியாருக்குப் போட்டவர்களும் ‘ஆளைப் பார்த்து’ப் போட்டவர்கள்தாம். ஆளைப் பார்த்துப் போடுவது என்றாலே தகுதியைப் பார்த்துப் போடுவது என்று ஆகிவிடாது. இந்த ஊரின் தேர்தல் சரித்திரம் சொல்லும் முதல் பாடம் அதுதான்.

1967இல் காற்று திரும்பியது. அரிசித் தட்டுப்பாடும் 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் காங்கிரஸைக் கீழே இறக்கின. முதலமைச்சர் பக்தவத்சலம் இந்த மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். மேலூர்ப் பக்கத்தில் உள்துறை அமைச்சர் கக்கன் தோற்றார். விருதுநகரில் காமராஜர், பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். காமராஜர் தோற்ற செய்தி கேட்டு அண்ணாவே வருந்தினார் என்று அந்தக் காலத்தவர்கள் சொல்வார்கள். அந்தத் தேர்தலில் அண்ணா சட்டமன்றத்துக்கு நிற்கவில்லை, தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் நின்றார். முதலமைச்சரான பிறகு மேலவை வழியாகத்தான் சட்டமன்றப் பொறுப்புக்கு வந்தார். அவரை முதலமைச்சராக்கியவை அவருடைய சட்டமன்றத் தொகுதி வாக்குகள் அல்ல, அவர் கட்சி வென்ற 137 இடங்கள்.

கக்கனைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்ல வேண்டும். பத்தாண்டு அமைச்சராக இருந்தவர், காவல் துறையைக் கையில் வைத்திருந்தவர். பிற்காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் சாதாரண நோயாளியாகப் படுத்திருந்தார். அங்கே வேறொருவரைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். அவரைக் கண்டு பதறிப்போனார் என்பது தமிழ்நாடு அறிந்த செய்தி. அப்படிப்பட்டவர் 1967இல் தோற்றார். இதேபோல 1999இல் கோயம்புத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் இரா. நல்லகண்ணு தோற்றார். அவருடைய நேர்மையைப் பற்றி அவருக்கு எதிராக வாக்களித்தவர்களுக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

விருதுநகர் வாக்காளர்களை நன்றியில்லாதவர்கள் என்று திட்டுவது வழக்கம். அது தவறு. அவர்களுக்குக் காமராஜர் மேல் கோபம் இல்லை. ஆட்சி மாற வேண்டும் என்று நினைத்தார்கள். அதற்கு அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கு, அந்த வாக்கு போய் விழ வேண்டிய இடத்தில் காமராஜர் நின்றுகொண்டிருந்தார். யார் ஆள வேண்டும், எனக்காக யார் பேச வேண்டும் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டு, ஒரே பதில்தான் சொல்லலாம் என்று நம் தேர்தல் முறை கட்டாயப்படுத்துகிறது. ஜெர்மனியில் 1953 முதல் வாக்காளருக்கு இரண்டு வாக்கு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றொன்று கட்சிக்கு. அங்கே ஒருவர் கட்சியைக் கைவிடாமலே நல்ல ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை.

இலங்கைத் தமிழர்களுக்கு வேறு விதமான அனுபவம். அங்கே 1989 முதல் நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி (பெருக்கல் குறி) போட்டுவிட்டு, அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரை விருப்பு வாக்குக் கொடுக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் ஒரே கட்சி வேட்பாளர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள், மாவட்டம் முழுவதும் சுவரொட்டி ஒட்டப் பணம் உள்ளவர் முந்திக்கொண்டார் என்று அங்கே நீண்டகாலமாகக் குறை சொல்லப்படுகிறது. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்திக்கு ஆதரவாக அலை அடித்தபோது யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்று அதற்குப் போயின. தமிழ்க் கட்சிகளின் பழைய முகங்களையெல்லாம் ஒரு சின்னம் முந்திச் சென்றது. முறையை மாற்றினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் யாழ்ப்பாணத்தைக் காட்டலாம்.

கட்சியே இல்லாத தேர்தல் எப்படி இருக்கும்? தமிழ்நாட்டு ஊராட்சிகள் அதற்கும் விடை வைத்திருக்கின்றன, அந்த விடை முழுக்க இனிப்பாக இல்லை. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தலை நடத்தவே பல தடைகள். வென்று தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று, உடன் இருந்த ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். இதேபோல ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டுக் காலம் தலைவர் என்று ஒருவர் நிலைத்து உட்கார முடியவில்லை. 2006இல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. தலைவர் பதவியைக் கோயில் வாசலில் ஏலம் விடும் வழக்கத்தை மாநிலத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு தேர்தலிலும் கண்டித்துக்கொண்டே இருக்கிறது. இந்த ஊர்கள் எதிலும் கட்சிச் சின்னம் இல்லை. கட்சி விலகி நின்ற இடத்தில் சாதியும் பணமும் வந்து உட்கார்ந்துகொண்டன. உள்ளூர் ஆள், உள்ளூர் ஆள் என்று போற்றுகிறவர்கள் இந்த ஊர்களின் பெயரையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களிலும் பணம் கட்சியோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்த ஊரின் பெயரே ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் சூத்திரமாகிவிட்டது. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியிலும் பண விநியோகத்துக்காகவே தேர்தல் நிறுத்தப்பட்டது.

இந்த மாவட்டத்துக்காரர்கள் பெருமையோடு உத்திரமேரூரைச் சொல்வார்கள். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டியவை. முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள். ஒவ்வொரு குடும்பிலிருந்தும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பொறுப்புகள் பிரிந்திருந்தன.

இதை ஜனநாயகம் என்று அப்படியே தூக்கிக் கொண்டாட முடியாது. அது பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊர். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் உள்ளவர்களுக்கும், நிலம் குறைந்தால் அதற்கு ஈடாக வேதப் படிப்பு உள்ளவர்களுக்கும்தான் ஓலையில் பெயர். உழுதவருக்கும் நெய்தவருக்கும் பெண்களுக்கும் அதில் இடமே இல்லை. வாக்கெடுப்பும் அல்ல அது, குலுக்கல்.

ஆனால் அந்தக் கல்வெட்டில் இன்றைக்கும் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் தகுதி நீக்கப் பட்டியல். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்கக் கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கக் கூடாது. ஒருமுறை பொறுப்பு வகித்தவர் மூன்றாண்டு கழித்துத்தான் மறுபடி வரலாம். நல்லவர் யார் என்று கண்டுபிடிக்க அவர்கள் மெனக்கெடவில்லை. அது முடியாத காரியம் என்று தெரிந்திருந்தது. யார் வரக் கூடாது என்பதை மட்டும் கல்லில் வெட்டிவைத்தார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து, கணக்குக் காட்டாதவரின் மனைவியையோ மகனையோ அதே பதவிக்கு நிறுத்தி, அதே சின்னத்தில் வெல்ல வைக்கிற காலத்தில் நாம் இருக்கிறோம்.

ஆளைப் பார்த்துப் போட்டதால் ஊர் நன்மை அடைந்த கதைகளும் தமிழ்நாட்டில் உண்டு. சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கம் வந்தால் குத்தம்பாக்கம். வேதியியல் பொறியாளரான இளங்கோ 1996இலும் 2001இலும் அங்கே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தலித் குடும்பங்களையும் பிற சாதிக் குடும்பங்களையும் பக்கம் பக்கமாக, ஒரே சுவரைப் பகிரும் இரட்டை வீடுகளில் குடியமர்த்தினார்கள். கோவை மாவட்டம் ஓடந்துறையில் சண்முகம் தலைவராக இருந்த காலத்தில் ஊராட்சியே வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஆகும் மின்செலவை அது ஈடுகட்டி, மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்கும் நிலையும் வந்தது. இரண்டு ஊர்களிலும் இளஞ்சிவப்புச் சீட்டு தன் வேலையைச் செய்தது.

தாமலுக்கு வருவோம். தொண்டை மண்டலத்துக் கோட்டங்களில் ஒன்றுக்குத் தன் பெயரைக் கொடுத்த பழைய ஊர் இது. ஊரின் உயிர் ஏரி. இந்த ஏரியை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்வியிலேயே மொத்தச் சிக்கலும் இருக்கிறது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. தாமல் ஏரி பெரிய ஏரி. ஆக, மதகு கசிந்தாலும், கலங்கல் உடைந்தாலும், வரத்துக் கால்வாய் தூர்ந்தாலும் ஊராட்சித் தலைவர் தாமாக ஒரு லோடு மண்கூடக் கொட்ட முடியாது. துறைக்கு மனுக் கொடுக்க வேண்டும், எம்.எல்.ஏ.வைப் பார்க்க வேண்டும். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய் எம்.எல்.ஏ.வின் கையில் இருக்கிறது. தவறு செய்த தலைவரை நீக்கும் அதிகாரம் ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவுப்படி மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. பூட்டு சாவிச் சின்னத்தில் வென்ற தலைவர் பல ஊர்களில் ஒரு மாதத்துக்குள் ஆளுங்கட்சிக் கரைவேட்டியோடு நிற்பது ஆசையால் மட்டுமல்ல. நிதியும் அதிகாரமும் மேலே இருக்கும்போது, கீழே கட்சியில்லாமல் நிற்க யாருக்கும் தெம்பு வருவதில்லை.

இருந்தாலும் ஊராட்சியின் கையில் இருப்பது சின்ன விஷயம் அல்ல. குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, சுடுகாட்டுப் பாதை, வீட்டு வரி ஆகியவை அதன் பொறுப்பு. காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இரண்டு பேருக்கும் ஆகாது என்றால் தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் நிற்கும், மோட்டார் பழுது பார்த்தவருக்குப் பணம் நிற்கும். இந்த இடத்தில் திராவிடமும் தேசியமும் பொதுவுடைமையும் என்ன செய்யப்போகின்றன? பொறுமையும் கைச்சுத்தமும் உள்ள இரண்டு பேர் வேண்டும், அவ்வளவுதான். ஆளைப் பார்க்க வேண்டும் என்ற வாதத்தின் சரியான பாதி இதுதான். ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ள சிறிய ஏரிக்கும் இணைப்புச் சாலைக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் அதேதான் பொருந்தும். பச்சைச் சீட்டில் சின்னத்தை மட்டும் பார்ப்பது ஊருக்கு நேரடி நட்டம். அப்படி வென்ற உறுப்பினர்கள் ஓட்டுப் போடும் ஒன்றியத் தலைவர் தேர்தலுக்கு முன்னால் அவர்களை வேனில் ஏற்றிச் சொகுசு விடுதிகளில் அடைத்துவைக்கும் செய்தியை ஒவ்வொரு முறையும் நாளிதழ்களில் படிக்கிறோம். பெயரே தெரியாமல் தேர்ந்தெடுத்த உறுப்பினரை எந்த ஊர்க்காரர் போய்த் தட்டிக் கேட்பார்?

காஞ்சிபுரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இது பொருந்தும். அந்தத் தேர்தலிலும் சட்டப்படி கட்சி கிடையாது. ஆனால் எந்தச் சங்கம் எந்தக் கட்சியின் கையில் என்று தெருவில் விளையாடும் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். பாவுப் பட்டின் தரம் தெரிந்தவரா, ஜரிகையைக் கையில் எடுத்தால் நயம் சொல்லத் தெரிந்தவரா, உறுப்பினருக்குக் கூலியும் கச்சாப் பட்டும் தாமதமில்லாமல் போய்ச் சேர ஏற்பாடு செய்யத் தெரிந்தவரா என்பதுதான் சங்கத் தலைவரிடம் பார்க்க வேண்டியது. தறிக்குழியில் கால் வைத்தவர்களுக்கு இதைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் உள்ளாட்சியிலிருந்து கட்சிகளை அடியோடு துரத்திவிடலாமா? ஜெயப்பிரகாஷ் நாராயண் கட்சியில்லா ஜனநாயகத்தைக் கனவு கண்டார். 1978இல் ஊராட்சி முறையை ஆராய்ந்த அசோக் மேத்தா குழு அதற்கு நேர்மாறாகக் கட்சிகள் வெளிப்படையாக நிற்கட்டும் என்று சொன்னது. கேரளத்தில் ஊராட்சி முதல் மாவட்டம் வரை எல்லாமே கட்சிச் சின்னம்தான். அங்கே ஊராட்சிகள் நம்மைவிட மோசமாக இல்லை, பல விதத்தில் மேலாகவே நடக்கின்றன. 1996இல் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கே கொடுத்தார்கள். பணமும் பொறுப்பும் கீழே வந்ததும் வார்டு உறுப்பினரைக் கேள்வி கேட்கக் கட்சிக் கிளைக்கும் மக்களுக்கும் காரணம் கிடைத்தது. சின்னம் இருப்பது குற்றமல்ல. சின்னத்துக்குப் பின்னால் நிற்பவரை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் தமிழ்நாட்டின் நோய்.

அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டிய இடம் சாவடி அல்ல. அங்கே போய்ச் சேரும்போது நேரம் கடந்துவிடுகிறது. வேட்பாளரின் தரம் முடிவாவது கட்சி அலுவலகத்தில். விருப்ப மனுவுக்குப் பல்லாயிரம் ரூபாய் கட்டணம் கட்டி, நேர்காணலுக்குப் போகிறவரிடம் கேட்கப்படுவது என்ன என்பது ஊரறிந்தது. தொகுதியில் உங்கள் சமூகத்துக்கு எத்தனை ஓட்டு, எவ்வளவு செலவு செய்வீர்கள் என்பவைதாம். தலைமை கையெழுத்துப் போட்டால் முடிந்தது. சம்பந்தப்பட்ட ஊரின் கட்சிக் கிளை உறுப்பினர்களைக்கூட யாரும் கேட்பதில்லை. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், குற்ற வழக்கு உள்ளவரை நிறுத்தும் கட்சி அவரை ஏன் தேர்ந்தெடுத்தது என்று காரணம் எழுதி வெளியிட வேண்டும், வெற்றி வாய்ப்பு என்பது மட்டும் காரணமாகாது என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் வழக்கில்லாத, வேலையும் தெரியாத வேட்பாளரைப் பற்றி எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. அதைக் கேட்க வேண்டியவர் அந்தக் கட்சிக்கு வாக்களிக்கிறவர்தான். கட்சிக்கு விசுவாசமான வாக்காளருக்குத்தான் அந்த உரிமை மிக அதிகம். எதிர்க்கட்சிக்காரர் கேட்டால் விரோதம் என்பார்கள். சொந்தக் கட்சிக்காரர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வியே கேட்க வழியில்லாத காலமும் இந்த ஊர்களுக்கு வந்தது. 2016 அக்டோபர் முதல் 2021 அக்டோபர் வரை, முழு ஐந்தாண்டு, காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரே இல்லை. தனி அலுவலர்கள் நிர்வாகம் பார்த்தார்கள். அதற்காகத் தெருவுக்கு வந்து சத்தம் போட்டவர்கள் மிகச் சிலர். நல்ல ஆள் வேண்டும் என்று அங்கலாய்க்கிற நாம், ஆளே இல்லாமல் ஐந்தாண்டு ஓடியதைப் பொறுத்துக்கொண்டோம்.

2021இல் வந்தவர்களுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம். அது முடிந்து அடுத்த தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. ஆண்டுக்கு ஆறு கிராமசபை நாட்கள் இருக்கின்றன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த நாட்களில் நூறு நாள் வேலைக்காரர்களை மட்டும் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கி முடிக்க விடாதீர்கள். தறியை அரை நாள் நிறுத்திவிட்டு வாருங்கள். வரவு செலவை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கணக்கு வாசிக்காதவர் யார் என்று குறித்துவையுங்கள், அவரும் அவர் வீட்டாரும் அடுத்த முறை எந்த நிறச் சீட்டில் வந்தாலும் முத்திரை குத்தாதீர்கள். உங்கள் கட்சியின் கிளைச் செயலாளரை இப்போதே கூப்பிட்டு, ஒன்றிய வார்டுக்கு யாரை நிறுத்தப்போகிறீர்கள், ஏன் அவர் என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால், சீட்டு அச்சாவதற்கு முன்பே, உங்கள் வீட்டு ஓட்டு அவருக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள்.